லைப்ரரியில் இல்லாத பெயர்

புதுவாயல் கூட்டுரோட்டில், டயர்க்கடை மாடியில் இருந்தது உலகத்தரம் வாய்ந்த அந்த சாஃப்ட்வேர் கம்பெனி. உலகத்தரம் பெயர்ப்பலகையில், ஆள் ஏழு பேர். அதில் துளசிராமன் சீஃப் ஆர்க்கிடெக்ட்.

கும்மிடிப்பூண்டி ஆலைகளின் எடைமேடையில் லாரி ஏறினால் எடையைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் ஜாவா புரோகிராம்தான் சரக்கு. நிரந்தர ஊழியர் எழுதினால் லைப்ரரி என்கிற மூலத் தொகுப்புக்குப் போகும். டிரெய்னி எழுதினால், எப்பேர்ப்பட்டதானாலும், சாம்பிள் ஃபோல்டருக்கு. இது அங்கே சம்பிரதாயம். துளசிராமன் லைப்ரரியில் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் தலைப்புகளாக எழுதி அடுக்கியிருந்தார். லாரியை நிஜமாக எடைபோட்டது சாம்பிளில் கிடந்த சிஃபாவின் கோட்.

பழவேற்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள் சிஃபா. 2006 ஆகஸ்டோடு டிரெய்னிங் முடிகிறது. கன்ஃபர்மேஷன் கிடைத்தால் வேலை, இல்லாவிட்டால் நெல்லூர் மாப்பிள்ளை என்று வாப்பாவோடு பேச்சு.

லைப்ரரியைத் தனிப் பொட்டலமாகவும் சாம்பிளைத் தனிப் பொட்டலமாகவும் கட்டித் தரச் சொன்னார் ஆலைக்காரர். பொட்டலம் கட்டுகிற பில்ட் ஃபைலை சிஃபாதான் பிரித்து எழுதினாள். லைப்ரரியை மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். எடை பூஜ்யம்.

"இன்னாம்மா இது? இருபது டன் லாரி காத்தா பூட்ச்சா?" என்றார் துளசிராமன்.

"என் கோட் சாம்பிள்ல மாட்டிக்கினு இருக்கு சார். லைப்ரரிக்கு மாத்தணும்."

"மாத்திடு. ஆனா லைப்ரரின்றது கர்ப்பக்கிரகம் மாதிரி. டிரெய்னி பேரு உள்ள வரக்கூடாது. ஃபைலுக்கு ஃபைல் உன் பேரு கீதே, எட்துட்டு என் பேரப் போடு."

"என் கன்ஃபர்மேஷன், சார்?"

"நான் இல்ல? பேஜாராவாத."

நாற்பத்து மூன்று ஃபைல்கள். அவளே மாற்றினாள். லாரி மறுபடி இருபது டன் ஆனது. எல்லோரும் துளசிராமனுக்குக் கைதட்டினார்கள். அவளும்தான்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அருணா கூப்பிட்டாள். யார் பெயர் லைப்ரரியில் எத்தனை ஃபைலில் இருக்கிறது என்று தேடி எண்ணுவதுதான் அவளுடைய மதிப்பீடு.

"உன் பேர்ல ஒண்ணுகூட இல்லியே, சிஃபா. சாம்பிள்ல மட்டும் ஒண்ணு இருக்கு. ஸ்கிரீன்ல வணக்கம் சொல்லுது."

"எல்லாம் நான் எழுதுனது மேடம். சாரைக் கேளுங்க."

கேட்டார்கள்.

"நல்ல பொண்ணு," என்றார் துளசிராமன், ஜன்னலைப் பார்த்தபடி. "சாம்பிள் நல்லா எழுதுவா."

சிஃபா டயர்க்கடை ஓரம் நின்று வீட்டுக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார் வாப்பா.

"ஆர்டர் குட்த்தாங்களாம்மா?"

"இல்ல வாப்பா. நெல்லூர்க்காரங்கள வரச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் வாப்பா நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"நான் வந்து பேசட்டா? ரெண்டு வருசமா நீ செஞ்சதக் காட்டி, இன்னும் ஆறு மாசம் கேப்போம். நெல்லூர் எங்க ஓடிடப் போவுது?"

அவர் இப்படி இறங்கி வருவார் என்று அவள் நினைக்கவேயில்லை. லாரி ஒன்று கடந்துபோகும்வரை போனைக் கையால் மூடிக்கொண்டாள்.

"வராதீங்க வாப்பா," என்றாள். "காட்றதுக்கு ஒண்ணுமில்ல."