தொண்ணூற்றொன்றில் ஒன்று மிச்சம்

விசில் மாஸ்டருக்குக் கழுத்தில் விசில் இருந்தது. கழுத்துக்கு மேலே என்ன இருந்தது என்று, பேக்கரி நடத்தும் பன்காரிக்கு ரொம்ப நாளாகவே சந்தேகம். அன்றைக்கு அது தீர்ந்தது.

பள்ளி ஆண்டு விழா அணிவகுப்புக்குத் தொண்ணூற்றொரு பெண்பிள்ளைகள். எல்லா வரிசையிலும் தலை எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டுமாம். மனுஷன் நெட்டையிலிருந்து குட்டை வரை உயரப்படி நிறுத்தி, இரண்டிரண்டாகப் பிரித்தார், ஒன்று மிஞ்சியது. மும்மூன்றாக, ஐந்தைந்தாக, ஆறாறாக, பத்துப்பத்தாகப் பிரித்தார். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒற்றையாக நின்றது எல்லோரிலும் குட்டையான பன்காரியின் மகள்தான். “நீ வேண்டாம், போ” என்றுவிட்டார். இரண்டு வாரமாக வீட்டில் கையை வீசி வீசிப் பழகிய பிள்ளை, அழுதுகொண்டே பேக்கரி வாசலில் வந்து நின்றது.

பன்காரி மாவுக்கையோடு பள்ளிக்குப் போனாள். தலைமையாசிரியையின் அறையிலேயே மாஸ்டர் அகப்பட்டார்.

“நான் என்னம்மா பண்ணட்டும்? தொண்ணூத்தொண்ணு எதாலயும் வகுபடாத எண்ணு. ஒண்ணைக் கழிச்சா தொண்ணூறு, ஜம்முன்னு நிக்கும்.”

“எல்லாத்தாலயும் வகுத்துப் பாத்தீங்களா சார்?”

“பத்து வரைக்கும் பாத்தாச்சு.”

“ஏழால?”

மாஸ்டர் விசிலைத் துடைக்க ஆரம்பித்தார். அட, ஏழாம் வாய்ப்பாடு! படித்த காலத்திலேயே அதைத் தாண்டிக் குதித்து வந்த ஆள் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இந்த லட்சணத்தில் பழி எண்ணின் மேல்!

“எங்க பேக்கரித் தட்டுல ஏழேழா பதிமூணு வரிசை பன்னு. தட்டுக்குத் தொண்ணூத்தொண்ணு. பன்னெண்டு வருஷமா ஒண்ணுகூட மிஞ்சல. அதே தொண்ணூத்தொண்ணைக் கண்ணாடி அலமாரியில கோபுரமா அடுக்குவேன். அடியில ஆறுக்கு ஆறு, அதுமேல அஞ்சுக்கு அஞ்சு, அப்படியே நாலு, மூணு, ரெண்டுன்னு ஏறி மேல ஒத்தை பன்னு. அந்த ஒண்ணு மிச்சமில்ல சார், உச்சி. பன்னுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியல.”

தலைமையாசிரியை சிரிப்பை அடக்க இருமினார். அப்போதே பிள்ளைகளை மைதானத்துக்கு வரச் சொல்லி ஏழேழாக நிறுத்தினார்கள். பதின்மூன்று வரிசை, பிசிறே இல்லை.

“இதைத்தான் நானும் யோசிச்சு வெச்சிருந்தேன்,” என்றார் மாஸ்டர். வெட்கத்தைக் கடையில் விற்றால் பன்காரியே கால் கிலோ வாங்கிக் கொடுத்திருப்பாள். “ஆனா உங்க பொண்ணு கடைசி வரிசைதான். உயரமானவங்க முன்னாடி. அவங்களுக்கும் முன்னாடி நான்.”

விழா நாள் வந்தது. மாஸ்டர் முன்வாசல் சாவியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்ததால், சிறப்பு விருந்தினர் பின்வாசல் வழியாக வந்து இறங்கினார். மாஸ்டர் பதறிப்போய் விசிலை ஊதினார்.

“பின்னால் திரும்பு!”

தொண்ணூற்றொரு பேரும் ஒரே அடியாகத் திரும்பினார்கள். கடைசி வரிசை முதல் வரிசையானது. அதில் அவள் மகள் தாடையைத் தூக்கிக்கொண்டு, கையை வீசி நடந்தாள். பன்காரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பிறகு, தொழில் பழக்கம் விடுமா, எண்ணிப் பார்த்தாள். ஏழேழாகப் பதின்மூன்று வரிசை சரியாக இருந்தது. நெட்டைப் பெண்களின் முதுகுக்குப் பின்னால்தான், எட்டி எட்டிக் குதித்துக்கொண்டு, ஒன்று மிச்சம் இருந்தது. அதன் கழுத்தில் விசில் தொங்கியது.