வண்டிக்குக் கிடைத்த ஜாமீன்

திருட்டுப் போன வண்டியைக் கோர்ட்டிலிருந்து மீட்டு ஓட்டிவந்த அன்று, தெருமுனையில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. செண்பகத்தின் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்த, ஹாரன் அடித்தது. ஆடு ஒதுங்கிப் போய்விட்டது. செண்பகம்தான் போக முடியாமல் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். அந்த ஹாரன் செத்து ரெண்டு வருஷத்துக்கு மேலாகிறது. அது செத்த நாளிலிருந்து அதன் வேலையை அவள் வாய்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஆம்பூரில் ஷூ கம்பெனியிலிருந்து பூட்ஸின் மேல்தோல்களை மூட்டை மூட்டையாக ஏற்றிவந்து வீடு வீடாகப் போடுவதும், பெண்கள் கையால் தைத்து வைத்ததைத் திரும்ப அள்ளிக்கொண்டு போய்க் கம்பெனியில் சேர்ப்பதும் அவள் பிழைப்பு. எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் "ஓரம் போ, ஓரம் போ" என்ற சத்தம் முதலில் வரும், மொபெட் பின்னால் வரும். தையல்காரி நசீமுன்னிசா கூட, "இன்னாக்கா, தொண்டைக்கு பேட்டரி எங்க மாத்துறே?" என்று கேலி செய்வாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் விசாரணை புருஷனிடம். வேலு கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். கேள்விக்குப் பதிலாகக் கேள்வி கேட்பதே அவன் வழக்கம்.

"ஏன்யா, நீயா ஹாரன் ரிப்பேர் பண்ணே?"

"வண்டி ஸ்டேஷன்ல கெடந்துச்சு. அங்க போயி ஸ்பேனரோட உக்காந்தேன்னு நெனச்சியா?"

"காணாம போறதுக்கு முன்னாடி பண்ணியா?"

"பண்ணியிருந்தா இத்தினி நாளு சொல்லிக் காட்டாம இருந்திருப்பேனா?"

அது நியாயமான பதில். வேலு ஒரு குழாய்க்கு வாஷர் மாற்றினால் அந்த வாஷர் தேய்கிற வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பான்.

"அப்போ திருடுனவன்தான் பண்ணியிருக்கான்."

"திருடுனவன் பெட்ரோல உறிஞ்சுவான், பேட்டரிய கழட்டுவான். ஹாரன் மாட்டி விடுவானா? வண்டி வந்துச்சில்ல, வேலையப் பாரு."

வேலையைத்தான் பார்த்தாள். ஆனால் செண்பகத்துக்கு ஒரு குணம் உண்டு. தெருவில் புதிதாக ஒரு செருப்பு கிடந்தால் யாருடையது என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் காணாமல் போன வண்டி, ஒரு மாசம் கழித்துக் கலவை என்கிற ஊருக்குப் பக்கத்தில் வாகனச் சோதனையில் அகப்பட்டது. ஓட்டிவந்த ஆளையும் பிடித்துவிட்டார்கள். இவ்வளவுதான் போலீஸ் சொன்னது. எதற்காக ஹாரன் என்று அவர்களிடம் கேட்கத் தோன்றவில்லை. அவர்களும் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் அந்தக் கேள்வி மட்டும் மூட்டைகளுக்கு நடுவே அவளோடு உட்கார்ந்து வந்தது.

அது போன வருஷம் ஆடியில் நடந்தது. இந்த வருஷம் ஆடியும் போய், ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது. வண்டியை உதைத்து உதைத்துச் செண்பகத்தின் முட்டி வீங்கிவிட்டது. பட்டனைத் தட்டினால் கிளம்புகிற புது வண்டி ஒன்றைப் பார்த்து வைத்தாள். பழையதைக் கொடுத்தால் கழித்துக்கொள்வதாகக் கடைக்காரன் சொன்னான். அப்போதுதான் ஞாபகம் வந்தது: வண்டியை மீட்கும்போது கோர்ட்டில் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள். வழக்கு முடிகிற வரைக்கும் விற்கக் கூடாது, கலர் மாற்றக் கூடாது, எப்போது கேட்டாலும் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வழக்கு எப்போது முடியும் என்று கேட்க, அன்றைக்கு அந்தப் பத்திரத்தை எழுதிக் கொடுத்த வக்கீல் குமாஸ்தா அப்துல் சமத்தைத் தேடிப் போனாள். தலை முழுக்க நரைத்த மனிதர். கோர்ட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சுதான் அவருக்கு ஆபீஸ்.

"முடியறதா? இன்னும் ஆரம்பிக்கவே இல்லியேம்மா," என்றார் சமத்.

"இன்னா பாய் சொல்றே? அந்தாளு வெளிய வந்து, வேற வண்டியே வாங்கியிருப்பான்."

"எங்க வந்தான்? உள்ளதான் இருக்கான்."

செண்பகம் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "ஒரு டிவிஎஸ் வண்டிக்கா?"

"ஜாமீன் குடுத்து ஒரு வருஷம் ஆவப் போவுது. ரெண்டு பேரு வந்து கையெழுத்துப் போடணும். ஒருத்தர் ரத்த சொந்தம், ஒருத்தர் சொந்த வூடு இருக்கறவங்க. தங்கச்சி ஒண்ணு வந்துச்சு. வாடகை வூடு. கூட யாரையும் கூட்டியார முடியல. இலவச வக்கீலு வேற ஊருக்குப் போய்ட்டாரு, புதுசா வந்தவருக்கு கேசுக் கட்டு ஜாஸ்தி." வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "குத்தத்த ஒத்துக்கடா, உள்ள இருந்த நாள கழிச்சு இன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு எல்லாரும் சொல்லிப் பாத்தாச்சு. மாட்டேன்றான். பொய்கை சந்தையில காசு குடுத்து வாங்குனேன், ஆர்சி அடுத்த வாரம் தர்றேன்னு சொன்னவன் வரல, நான் திருடலன்றான். அத வெசாரிக்கத்தான் கேசு. கேசுக்குத்தான் முறை வரல."

"என் வண்டி ஒரு வாரத்துல வந்துடுச்சே பாய்."

"வண்டிக்கு நீ வந்தே. அந்தாளுக்கு யாரும் வரல. வேற ஒண்ணும் இல்ல."

அன்று திரும்பும்போது செண்பகம் ஒரு இடத்தில்கூட ஹாரன் அடிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கினவன் ஹாரன் மாட்டுவான். தனக்கென்று வைத்துக்கொள்ளப் போகிறவன் மாட்டுவான். திருடினவனும் தனக்கென்று வைத்துக்கொள்ளலாமே என்று இன்னொரு மனம் சொன்னது. இந்த ஒரு வருஷத்தில் இந்த வண்டி என்னென்ன பார்த்துவிட்டது! நசீமுன்னிசா மகள் நிக்காவுக்குப் பத்திரிகை வைக்கப் போனது. பாலாற்றில் தண்ணீர் வந்தபோது அதை வேடிக்கை பார்க்கப் போனது. பின் டயர் மாற்றியாயிற்று, சீட்டுக் கிழிந்து உறை மாற்றியாயிற்று. அத்தனை நாளும் அந்த ஆள் ஒரே இடத்தில் உட்கார்ந்து, சந்தையில் வாங்கினேன், சந்தையில் வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். கேட்க வேண்டியவர்கள் கேட்கிற முறை வரவில்லை.

அடுத்த வாய்தாவுக்குச் சமத்தோடு கோர்ட்டில் போய் உட்கார்ந்தாள். ஆளை அழைத்து வரமாட்டார்கள், ஜெயிலிலிருந்தே டிவியில் காட்டுவார்கள் என்று அவர் சொல்லியிருந்தார். சுவரில் மாட்டிய டிவியில் ஒரு வெற்று நாற்காலி தெரிந்தது. ஒவ்வொருவராக வந்து அதில் உட்கார்ந்தார்கள், பெயர் சொன்னார்கள், தேதி கேட்டார்கள், எழுந்து போனார்கள். உட்கார்ந்த சூட்டோடு எழுந்து போவது என்பது இதுதான் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு கட்டம்போட்ட சட்டையில் ஒருவன் வந்தான். முப்பது வயசு இருக்கும். "புகழேந்தி" என்று பெயர் சொன்னான். குனிந்த தலை நிமிரவில்லை. மாஜிஸ்திரேட் அம்மா தேதி சொல்லிவிட்டு அடுத்த கேஸ் கட்டைக் கையில் எடுத்தார்.

தான் எப்போது எழுந்தோம் என்று செண்பகத்துக்கே தெரியாது. சந்துகளில் பழகிய தொண்டை.

"யப்பா! ஹாரன் ஏம்பா ரிப்பேர் பண்ணே?"

கோர்ட் முழுக்கத் திரும்பியது. சமத் அவள் புடவையைப் பிடித்து இழுத்தார். டிவியில் அந்தத் தலை நிமிர்ந்தது. அவன் எதையோ பேசினான். ஆனால் அந்தப் பக்கம் சத்தத்தை நிறுத்திவிட்டிருந்தார்கள், வாய் மட்டும் அசைந்தது. எழுந்து நின்று, கையை இடுப்பு உயரத்தில் வைத்து, உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினான். அதற்குள் அடுத்த ஆள் வந்து நாற்காலியை மறைத்துவிட்டான்.

"யாரும்மா நீங்க?" என்றார் மாஜிஸ்திரேட். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அந்தக் குரலில் அதிகம்.

"நான்தாம்மா வண்டிக்காரி."

விஷயத்தைச் சொன்னாள். சிரித்தவர்கள் மெல்ல அடங்கினார்கள். மாஜிஸ்திரேட் அந்தக் கட்டைத் திரும்ப எடுத்துப் புரட்டினார். "அதை சாட்சி சொல்லும்போது சொல்லுங்க, எழுதிக்குறேன்," என்றவர், பக்கங்களைப் பார்த்துக்கொண்டே, "ஜாமீன் குடுத்து இத்தனை மாசமாச்சா... நிபந்தனையை குறைக்கச் சொல்லி ஒரு மனு கூட யாரும் போடலியா?" என்று பொதுவாகக் கேட்டார். புது வக்கீல் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார்.

மனு போட்டார்கள். ஜாமீன் தொகையைப் பாதியாகக் குறைத்தார்கள். ஆனாலும் தங்கச்சி கையெழுத்தோடு இன்னொரு கையெழுத்து வேண்டும் என்று சமத் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, அப்பன் வழியில் செண்பகம் பெயருக்கு வந்த ஓட்டு வீட்டை ஒரு பார்வை பார்த்தார்.

ராத்திரிச் சாப்பாட்டில் வேலு வெடித்தான். "திருட்டுக் குடுத்தவளே ஜாமீன் போடுவாளா? ஊரு சிரிக்கும்டி!"

"கோர்ட்டே சிரிச்சாச்சு. இனிமே ஊரு இன்னா?"

"அவன் ஓடிட்டான்னா? நம்ம வூட்டக் கேப்பாங்க. கேசும் முடியாது. அந்த ஓட்ட வண்டிய சாவற வரைக்கும் ஒதச்சிக்கினே கெடப்பே."

"தெரியும்."

"அவனே திருடியிருந்தா?"

"திருடியிருந்தா தண்டன குடுக்கட்டும்யா. இன்னும் ஒருத்தரும் குடுக்கல, அவன் பாட்டுக்கு அனுபவிச்சிக்கினு கீறான். அது எந்த ஊரு ஞாயம்?" ரசத்தை அவன் தட்டில் ஊற்றினாள். "சரி, அந்தக் கை இன்னான்றே? இப்டி கவுத்துக் காட்டுனானே."

வேலு கையைக் கழுவாமல் யோசித்தான். அவனுக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. "ஆடு குறுக்க வந்துச்சு, அதான் மாட்டுனேன்னு சொல்றானோ?"

"ஆடு அத்தினி ஒசரமா?"

"கன்னுக்குட்டியா இருக்கும்."

"நெத்தியில எழுதி ஒட்டிக்கினு வருவான், அப்போ படி."

வீட்டு வரி ரசீதோடு கோர்ட்டில் போய் நின்றபோது, கலவையிலிருந்து வந்திருந்த தங்கச்சி எழிலரசி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். யார் என்று சமத் சொன்னதும் அந்தப் பெண்ணுக்குக் கும்பிடுவதா ஒதுங்குவதா என்று தெரியவில்லை. கை பாதி எழுந்து நின்றது.

"உங்கண்ணன் ஏம்மா ஹாரன் மாட்டுனாரு?"

"எனுக்கு இன்னாங்க தெரியும்? அவன் வந்து சொல்லுவான். புள்ளைய ஸ்கூல்ல விட்டு வந்தேன், பஸ்ஸுக்குப் போவணும்," என்றாள் எழிலரசி.

மாஜிஸ்திரேட் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். "குற்றம் சாட்டப்பட்டவரை எவ்வளவு காலமா தெரியும்?"

"தெரியாதும்மா. டிவியில ஒரு தரம் பாத்திருக்கேன்."

"அவர் ஓடிட்டா நீங்கதான் பொறுப்பு. புரியுதா?"

"எதுலம்மா ஓடுவாரு? வண்டி எங்கிட்டல்ல இருக்குது."

மாஜிஸ்திரேட் குனிந்து எழுத ஆரம்பித்தார். முகம் தெரியவில்லை. சமத் மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆர்டர் ஜெயிலுக்குப் போய்ச் சேர்ந்து ஆளை விடுவதற்கு மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. செண்பகம் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு அந்த வண்டியிலேயே போனாள். பஸ்ஸில் போகலாமே என்று வேலு சொன்னான்; சொல்லிவிட்டு அவனே டயருக்குக் காற்று அடித்துக் கொடுத்தான். ஜெயில் வாசலுக்கு எதிரே புளியமரத்தடியில் வண்டியை ஸ்டாண்டு போட்டாள். அங்கே எழிலரசி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். கூடவே ஒரு சின்னப் பெண், பள்ளிக்கூடச் சீருடை, அவிழ்ந்த ரிப்பன். வண்டியைப் பார்த்ததும் அத்தையின் கையை உதறிக்கொண்டு ஓடிவந்தது.

"எங்க வண்டி!"

"ஏய், சும்மா இரு," என்று எழிலரசி பதறினாள். அதற்குள் அந்தக் குழந்தை முன்பக்கம் மூட்டை வைக்கிற இடத்தில் ஏறி நின்று, கைப்பிடியைத் துழாவாமல், பார்க்காமல், பொத்தானை அழுத்தியது. ஒரு தடவை. பிறகு ரெண்டு தடவை சேர்த்து. அது ஏதோ பழைய கணக்கு.

"ஏம்மா, இங்கெல்லாம் ஹாரன் அடிக்கக் கூடாது," என்று வாசல் காவலர் கத்தினார்.

எங்க வண்டி என்று சொன்னதைத் திருத்தலாமா என்று செண்பகம் வாயெடுத்தாள். ஆனால் பெரிய கதவுக்குள் இருக்கிற சின்னக் கதவு திறந்தது. கட்டம்போட்ட சட்டை. கையில் ஒரு மஞ்சப் பை. வெளிச்சத்துக்குக் கண் கூசி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றவன், இன்னொரு தடவை ஹாரன் அடித்ததும் இந்தப் பக்கம் திரும்பினான். ரோட்டைத் தாண்டி வந்தான். குழந்தை குதித்து இறங்கி வண்டியை ஒட்டி நின்றது. ஓடிப் போகவில்லை. புதுசாகப் பார்க்கிறவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

பல மாசமாகச் சுமந்து வந்த கேள்வி செண்பகத்தின் நாக்கு நுனியில் இருந்தது. அவன் அவளைக் கவனிக்கவில்லை. அவன் கை இடுப்பு உயரத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்தபடி நீண்டது, டிவியில் பார்த்த அதே கை, அதே உயரம். அது உச்சந்தலையில் இறங்கவில்லை. குழந்தையின் நெற்றியில் போய் முட்டியது. அவன் தன் கையையே பார்த்தான். பிறகு மெதுவாக, எவ்வளவு என்று தெரியாமல் தடவித் தடவி, அதை மேலே உயர்த்திக்கொண்டு போனான்.