இருபத்தொன்பதாவது ஃபாரம்

பைண்டரின் ஒற்றை அறை வீட்டில் இரண்டாவது அறை வந்தது ஒரு புதன்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. முந்தின நாள் மாலையில்தான் அவர் மனைவி தன் வாழ்நாளின் முதல் புத்தகத்தைப் படித்து முடித்திருந்தாள். பின்சுவரில், கொடிக்கயிறு கட்டியிருந்த ஆணிக்குக் கீழே, ஒரு கதவு இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை, வெள்ளையடித்த சுவர், சுவரோரமாக ரயில் நிலையங்களில் போடுவது போல ஒரு மர பெஞ்சு. வீடு இருந்ததோ மூன்றாவது மாடியில். அந்தச் சுவருக்கு வெளியே இருக்க வேண்டியது மழைநீர்க் குழாயும் கீழே தெருவும்தான். தெருவில் நின்று பார்த்தவர்களுக்குச் சுவரும் குழாயும் எப்போதும் போலவே தெரிந்தன. கட்டடத்துச் சொந்தக்காரர் வந்து உள்ளேயிருந்து இரண்டு முறையும் வெளியேயிருந்து இரண்டு முறையும் பார்த்தார். தான் கட்டாத அறையைப் பற்றித் தான் எதுவும் சொல்வதற்கில்லை என்றும், புதுச் சுவரில் ஆணி மட்டும் அடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பைண்டருக்குப் புத்தகம் என்றால் நூல், பசை, அட்டை, அவ்வளவுதான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அச்சகத்தின் பின்பக்கம் இருந்த பைண்டிங் பட்டறையில் சேர்ந்தவர். பதினாறு பக்கங்கள் ஒரே தாளில் அச்சாகி வரும். அதை மூன்று மடிப்பு மடித்தால் ஒரு ஃபாரம். ஃபாரங்களை வரிசையாக அடுக்கித் தைத்தால் புத்தகம். ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்து அடியிலும் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். இருபத்திரண்டு வருடத்தில் தன் கைவழியே போன அத்தனை புத்தகங்களிலும் அவர் படித்தது அந்த எண்ணை மட்டும்தான். வேலை அதிகமிருந்தால் மடிப்பதற்குத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். மனைவி தரையில் உட்கார்ந்து, எலும்புத் துண்டால் நீவி நீவி மடித்துக் கொடுப்பாள். அப்படி ஒரு கதைப் புத்தகத்தின் ஆறாவது ஃபாரத்தை மடித்தபோது, பையும் கையுமாக ரயில் நிலையத்துக்கு வந்த ஒரு பெண் எந்த வண்டியில் ஏறுவது என்று தெரியாமல் விழித்த இடத்தில் பக்கம் முடிந்துவிட்டது. "அந்தப் பொண்ணு எந்த வண்டியில ஏறினா?" என்று அவள் கேட்டாள். பைண்டர் சிரித்தார். தைத்து முடிக்கும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைப் பைண்டர் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது பட்டறையின் வழக்கம்; அவர் அதுவரை ஒன்றைக்கூட எடுத்ததில்லை. பெண்டாட்டி ஆசைப்பட்டுக் கேட்கிறாளே என்று அந்த ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். பதினொரு நாளில் படித்து முடித்தாள்.

புது அறைக்குள் அவள் சர்வ சாதாரணமாக நுழைந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பைண்டர் வாசற்படியைத் தாண்டிக் காலை வைத்தார். காலுக்குத் தரை தட்டுப்படவில்லை. இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்து வெறும் காற்றில் மிதிக்கும்போது வயிற்றில் ஒரு குழி விழுமே, அந்தக் குழி விழுந்தது. கண்ணுக்குத் தெரிந்த தரை காலுக்கு இல்லை. அந்தப் புத்தகத்தைப் படிக்காதவர்களுக்கு அங்கே தரை கிடையாது என்பது இரண்டு நாளில் புரிந்துவிட்டது. ஒயர்மேனாக இருந்த அவர் மச்சினன் விளக்குப் போட வந்து, அவனும் தடுமாறிக் கதவைப் பிடித்துக்கொண்டான். கடைசியில் அவன் வாசலில் நின்றபடி ஒயர்ச் சுருளை உள்ளே வீச, அக்காக்காரி ஸ்டூலில் ஏறி, அவன் சொல்லச் சொல்ல ஹோல்டரை மாட்டினாள். பல்பு எரிந்தது. அதற்குப் பிறகு வந்த அறைகளுக்கெல்லாம் அவளே ஒயர் இழுத்துக்கொண்டாள்.

அறைகள் வந்தபடி இருந்தன. கடல் பயணப் புத்தகம் ஒன்றுக்கு வந்த அறையில் எந்நேரமும் சுவர் உப்புப் பூத்திருந்தது. தேனீ வளர்ப்புப் புத்தகத்துக்கு ஒடுக்கமான ஓர் அறை. காதை வைத்தால் ரீங்காரம் கேட்கும். கணக்குப் புத்தகத்துக்கு ஒரு மாடிப்படி வந்தது. கவிதைப் புத்தகத்துக்கு அறை வரவில்லை, மூன்றாவது அறையின் சுவரில் ஒரு மாடம் மட்டும் வந்தது. அவள் அதில்தான் மூக்குக் கண்ணாடியை வைத்தாள். மருத்துவப் புத்தகம் ஒன்றை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாண்டித் தாண்டிப் படித்தாள். அதற்கு வந்த அறையின் கூரை இடுப்பளவுதான் இருந்தது. தாண்டின பக்கங்களை மறுபடி படித்த பிறகு கூரை ஆளுயரத்துக்குப் போனது. ஆறு வருடத்தில் முப்பத்தொரு அறைகள், ஒரு படிக்கட்டு, ஒரு மாடம். தெருவில் எல்லோருக்கும் பழகிவிட்டது. தபால்காரர் மட்டும், அம்மா எத்தனையாவது அறையில் இருக்கிறார்கள் என்று கேட்டு, அதற்கேற்றபடி காத்திருந்து கையெழுத்து வாங்கிப் போனார்.

பழகாதவர் பைண்டர் ஒருவர்தான். கல்யாணமான புதிதில் அவர் மனைவி எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பாள். இப்போது குடிநீர் இலாகாவுக்குத் தனியாகப் போய், மூன்று மாதமாக வராத தண்ணீருக்கு மனு எழுதிக் கொடுத்து, மறுநாளே குழாயில் தண்ணீர் வரவழைத்தாள். இடுப்பு வலிக்கு டாக்டர் எழுதின மாத்திரை தனக்கு ஏன் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டரிடமே எடுத்துச் சொல்லி, சீட்டை மாற்றி வாங்கி வந்தாள். ஊரார் மெச்சினார்கள். பைண்டரும் பெருமையாகத்தான் தலையாட்டினார். ஆனால் அந்தச் சட்டை நுனி அவருக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது. தன்னால் அவளுக்கு இனி என்ன ஆக வேண்டியிருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தார். யோசிக்க ஆரம்பித்தால் சோறு இறங்கவில்லை.

அதைவிட அவரை அரித்தது தூரம். முதலில் எல்லாம் வாசலில் நின்று கூப்பிட்டால் "இதோ" என்று பக்கத்திலிருந்து குரல் வரும். அறைக்குள் அறையாகப் போகப்போக, குரல் மெலிந்தது. கூப்பிட்டுவிட்டு அவர் எண்ணுவார். ஆரம்பத்தில் பத்து எண்ணுவதற்குள் வந்து நிற்பாள். பிறகு அறுபது. பிறகு இருநூறு, முந்நூறு. வந்தவள் முகத்தில், எங்கிருந்தோ பாதியில் எழுந்து வந்த களை இருக்கும். என்றாவது ஒரு நாள் எண்ணி முடியவே முடியாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. உள்ளே போய்த் தேடவும் முடியாது. அவருக்கு அங்கே கால் வைக்க இடமில்லை. மச்சினனிடம் வாய்விட்டுச் சொன்னார். "நீங்களும் ரெண்டு புக்கு படிச்சிட்டுப் போங்களேன் மாமா" என்றான் அவன். அது அவருக்குக் கேலியாகப் பட்டது. ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பட்டறைக்கு அந்தப் பெரிய புத்தகம் வந்தது. இருபத்தொன்பது ஃபாரம், நானூற்று அறுபத்து நாலு பக்கம். ஒரு படகுக்காரனின் கதை என்று மனைவி எப்படியோ கேள்விப்பட்டு, ஒரு பிரதி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாள். இத்தனை தடிமனான புத்தகத்துக்கு எவ்வளவு ஆழத்தில் அறை வருமோ என்று பைண்டர் இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள், அவள் பிரதியைத் தைக்கும்போது, இருபத்தெட்டாவது ஃபாரத்தோடு நூலை முடிச்சுப்போட்டு அறுத்துவிட்டார். படித்து முடிக்காவிட்டால் அறை வராது என்பது அவர் கணக்கு. மிச்சமிருந்த கடைசி ஃபாரத்தை, கட்டிங் மெஷின் ஓடும்போதெல்லாம் ஆடிக்கொண்டிருந்த தன் வேலை மேஜையின் இரும்புக் காலுக்கு அடியில் சொருகினார். மேஜை ஆடுவது நின்றது. இத்தனை வருடத்தில் தெரிந்தே ஒரு புத்தகத்தைக் குறையாகத் தைத்தது அது ஒன்றுதான், அன்று முழுக்க அவர் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஐந்து வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை அவள் புத்தகத்தோடு வந்து நின்றாள். நானூற்று நாற்பத்தெட்டாம் பக்கம் ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுபோயிருந்தது. கடைசி ஃபாரத்தைக் காணோமே என்றாள். அச்சகத்திலிருந்தே அப்படித்தான் வந்தது என்று பைண்டர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவள் தையலை விரலால் ஒரு முறை தடவினாள். ஆயிரக்கணக்கான ஃபாரம் மடித்த விரல் அது.

மதியம் சாப்பாட்டுக்கு அவர் வந்தபோது, தட்டு மூடி வைத்திருந்தது, அவள் இல்லை. வீட்டுக்குள் காற்றடித்தது. பின்சுவரில் பழைய கதவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதவு, ஒரு பக்கம் சரிந்தாற்போல் வந்து, திறந்து கிடந்தது. உள்ளே வலப்பக்கம் சுவர் இருந்தது, இடப்பக்கம் இருந்தது, எதிர்ச்சுவர் இல்லை. அச்சடிக்காத தாளைப் போல ஒரே வெள்ளையாக, முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பைண்டர் கூப்பிட்டார். பதில் இல்லை. எண்ணினார். எழுநூறு வரைக்கும் எண்ணினார். மறுபடி கூப்பிட்டபோது, எங்கிருந்தோ பொட்டுப் போலக் குரல் வந்தது.

"சுவர் எங்கேன்னு பார்க்கத்தான் வந்தேன். நடந்துக்கிட்டே இருக்கேன், வரலை. திரும்பினா கதவையும் காணோம்."

அவர் காலை உள்ளே வைத்தார், பழைய குழிதான். பிறகு எப்படிப் படி இறங்கினார், எப்படித் தெருவைக் கடந்தார் என்பது அவருக்கே தெரியாது. மற்ற பிரதிகளெல்லாம் போன மாதமே லாரி ஏறிவிட்டன. பட்டறையில் மேஜையைப் புரட்டிப் போட்டு ஃபாரத்தை உருவினார். ஐந்து வாரம் மெஷின் ஓடின அதிர்வில் மேஜைக்கால் அந்தத் தாள்களில் டீ கிளாஸ் அகலத்துக்கு ஓர் ஓட்டை போட்டிருந்தது. பதினாறு பக்கத்திலும் அதே இடத்தில் அதே ஓட்டை. முதலாளி என்னவென்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஓடிவந்தார்.

கதவில் நின்று முதலில் அதைத்தான் சொன்னார். "நான்தான் எடுத்தேன். நீ போய்க்கிட்டே இருந்தே. ஒரேயடியாப் போயிடுவியோன்னு பயந்துட்டேன்."

உள்ளேயிருந்து, "தெரியும். படிங்க" என்று வந்தது.

ஃபாரத்தின் மடிப்புகள் வெட்டுப்படாமல் மூடியிருந்தன. இடுப்பிலிருந்த கத்தியால் ஒவ்வொன்றாகக் கீறிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து, உரக்கப் படிக்கத் தொடங்கினார். நாலாம் வகுப்புப் படிப்பு. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்ட வேண்டியிருந்தது. ஒரு வரி முடிந்தபோது, வெள்ளையின் அந்தக் கோடியில் ஒரு செங்கல் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது வரிக்கு இரண்டாவது செங்கல். அவர் தப்பாக வாசித்த இடத்தில் கல் கோணலாக உட்கார்ந்தது. திருப்பி வாசித்ததும் நேரானது. ஓட்டை வந்த இடத்தில் நிறுத்தினார். அதுவரை ஏறின சுவர் கிடுகிடுவென்று ஆடியது. அங்கே என்ன சொல் இருந்திருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? படகுக்காரன் யார், எதற்கு ஆற்றங்கரையில் நின்று அழுகிறான் என்பதே தெரியாது. ஆனால் சுவர் காத்திருக்காது. வாய்க்கு வந்ததைச் சொன்னார். அவர் இதுவரை மனைவியிடம்கூடச் சொல்லியிராத சொற்களெல்லாம் வந்தன. நானூற்று ஐம்பத்தேழாம் பக்கத்தில் படகுக்காரன் அக்கரையைப் பார்த்து யார் பெயரையோ கூப்பிடுகிறான். பெயர் இருந்த இடம் ஓட்டை. பைண்டர் அந்த இடத்தில் தன் மனைவியின் பெயரைப் போட்டார். குரல் உடைந்துபோய், அதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

கடைசி வரி முடிந்தபோது மணி ஆறேகால். எதிர்ச்சுவர் கூரையைத் தொட்டுவிட்டது, நடுவில் டீ கிளாஸ் அகலத்துக்கு ஒரு வட்டத்தைத் தவிர. அதன் வழியாக வெயில் உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள், தலைமுடியெல்லாம் சுண்ணாம்பு. அவரைத் தாண்டிப் போய் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"போறதுன்னா கீழே தெருக்கதவு இருக்கு" என்றாள். "விட்டுட்டுப் போறவ வீட்டுக்குள்ளேயேவா ரூம் ரூமாக் கட்டுவா?"

அதற்கப்புறம் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பைண்டர்தான் பேச்சைத் தொடங்கினார். படகுக்காரன் கடைசியில் துடுப்பை எதற்கு ஆற்றில் வீசினான் என்பது அவரைப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தது. அவள் புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்து, முதல் ஃபாரத்திலிருந்து வரச் சொன்னாள். ஏழு மாதமும் பத்து நாளும் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை உள்ளே வைத்தார். தரை இருந்தது. கொஞ்சம் சில்லென்று இருந்தது.

அந்த வீட்டில் இப்போது நாற்பத்தாறு அறைகள். ஜன்னல் இருப்பது படகுக்காரன் கதைக்கு வந்த அறையில் மட்டும்தான். அதில் கண்ணை வைத்தால் பட்டறையின் தகரக் கூரை தெரியும் என்று பைண்டர் சொல்கிறார். அவர் கால் வைக்கக்கூடியவை ஐந்து. மற்றவற்றுக்கு அவசரமில்லை என்கிறார். மனைவி உள்ளே போனால் இன்னமும் வாசலில் நின்று எண்ணத்தான் செய்கிறார், ஆனால் முந்நூறோடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறார். பட்டறையில் அவர் வேகம் குறைந்துவிட்டது. ஒவ்வொரு பிரதியையும் தைப்பதற்கு முன்னால் கடைசி ஃபாரம் இருக்கிறதா என்று இரண்டு முறை புரட்டிப் பார்க்கிறார். வேலை தேங்குகிறதே, இதென்ன புது வழக்கம் என்று முதலாளி சலித்துக்கொண்டார்.

"யார் வீட்டுச் சுவரோ, நமக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, பைண்டர் ஊசியில் நூல் கோத்தார்.