மாமாவின் பலகைக்கு ஒரு போல்ட்

ஞாயிறு பிற்பகல் சகலையின் கார் கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதுகு சாயும் ஒரே நாற்காலியில், கடைசல் இயந்திரமான லேத்தை ஒட்டினாற்போல், மாமனார். உள்வாசல் படியில் என் மனைவியும் அவள் தங்கையும். லேத்துக்கு முன்னால் நின்றபடி தங்கையின் கணவன், அதாவது என் சகலை. கதவோரம் கவிழ்த்த பெயிண்ட் வாளியின் மேல் நான்.

மாமா படம் வரையும் சாய்பலகையின் போல்ட்டில் மரை தேய்ந்துவிட்டது. பலகை நிற்காமல் சரிகிறது. ஆறு வருஷமாக என் வீட்டில் லேத் இருக்கிறது. மாமாவின் கதவுக் கொண்டி முதல் மேசை விளக்கின் கழுத்து வரை செய்து கொடுத்தவன் நான். சகலை லேத் வாங்கி இரண்டே மாதம். மாமா கேட்டது அவனிடம்.

கம்பியில் மரை வெட்டும் முதல் ஓட்டம் அழகாகத்தான் விழுந்தது. முனைக்கு வந்ததும் அவன் லீவரைத் தூக்கி, வெட்டும் டூலைக் கையால் பின்னுக்குக் கொண்டுபோய், மறுபடி லீவரைப் போட்டான். டூல் பழைய பள்ளத்தில் இறங்காமல் மேட்டின் மேல் ஏறி உழுதது.

"போல்ட்டா மாமா இது? சோளக்கருது!" என்றான். மாமா கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் வேலை எதற்கும் அவர் "ம், சரியா இருக்கு" என்பதைத் தாண்டியதில்லை.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. ஏன் இப்படித் தடம் மாறுது?" என்று என்னைக் கேட்டான்.

எனக்குக் காரணம் தெரியும். அவன் லேத்தில் டூலை நகர்த்தும் நீளத் திருகு இன்ச் அளவு. வெட்டுவது மில்லிமீட்டர் மரை. அப்படியானால் வேலை முடியும்வரை, டூலைத் திருகோடு பிணைக்கும் லீவரைத் தொடவே கூடாது; தூக்கினால் பழைய தடம் கிடைக்காது. டூலை வெளியே இழுத்து, மோட்டாரை எதிர்ப்பக்கம் ஓட்டித்தான் திரும்ப வேண்டும்.

"டூல் மழுங்கியிருக்கும். தீட்டிப் பாரு," என்றேன்.

தீட்டினான். இரண்டாவது கம்பி போயிற்று. இன்னும் கூராகத் தீட்டினான். மூன்றாவதும் போயிற்று.

"விடுங்க மாப்ளே, அடுத்த வாரம் பாத்துக்கலாம். ஆனா நீங்கதான் செஞ்சு தரணும்," என்று மாமா அவன் தோளைத் தட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி கேட்டாள்: "உங்களுக்குத் தெரியும்ல?"

"எது?"

"நடிக்காதீங்க. அவரு லீவரத் தூக்குறப்பல்லாம் உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தேன். வயித்துல பால வார்த்த மாதிரி இருந்தீங்க."

வந்ததும் தாளை எடுத்தேன். 'அன்புள்ள சகலைக்கு' என்று தொடங்கினேன். கை ஓடவில்லை; கிழித்தேன். 'மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு' என்றதும் மடமடவென்று வந்தது. இளைய மாப்பிள்ளை தவறியது எந்த இடத்தில், சரியான முறை எது என்று ஆறு படிகள், லீவரின் படத்தோடு.

மனைவி வாங்கிப் படித்தாள். "அவருக்கே எழுதினா கை சுளுக்கிக்குமா?"

"பெரியவர் சொன்னா மரியாதையா கேப்பான்."

"டூலத் தீட்டச் சொன்னது நீங்கன்னு எங்கயும் காணோமே?"

"தாள்ல இடமில்ல."

ஆறாம் படிக்குக் கீழே அரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் தாளை மடித்து உறையிலிட்டு ஒட்டினேன். அனுப்புநர் இடத்தில் 'மூத்த மாப்பிள்ளை' என்று எழுதி, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.