பதிமூன்றாம் வாரம்

டிவியை எங்கே தூக்கி வைப்பது என்பதில்தான் முதல் சண்டை வந்தது. ஹாலில் கிடத்தும்போது செத்துப்போன தாணுமாலையனின் தலை தெற்கே இருக்க வேண்டும். தெற்குச் சுவரை ஒட்டி, இழுத்து மூடும் மரக்கதவு வைத்த அந்தப் பெரிய டிவி எட்டு வருஷமாக உட்கார்ந்திருந்தது. அடுக்களைக்குக் கொண்டு போங்க என்றாள் மகள் விஜயஸ்ரீ. மாடிக்குத்தான் போக வேண்டும் என்றான் அண்ணன் சங்கர். மாடிப்படி வளைவில் அது திரும்பாது என்பது அந்த வீட்டில் இருப்பவளுக்குத்தானே தெரியும்? அவன் பாளையங்கோட்டையில் தனி வீடு பார்த்துப் போய் ஆறு வருஷமாகிறது. ஆனாலும் ஆம்பளை சொன்னால் அதுதான் சட்டம். இரண்டு பேர் பாதிப் படி ஏறி, முட்டி, சுவரில் சுண்ணாம்பைப் பேர்த்து, மறுபடி இறங்கி அடுக்களையில்தான் கொண்டு வைத்தார்கள். அப்பா அதுவரை உள்ளறைக் கட்டிலில் காத்துக் கிடந்தார்.

டிவி மேல் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை யாரோ அவள் கையில் திணித்தார்கள். உள்ளே நாலைந்து சீட்டுகள் மடித்துக் கிடந்தன. அவள் அதை அரிசி டின்னுக்குள் புதைத்து மூடினாள்.

அந்த பாட்டில் அப்பாவின் ஏற்பாடு. வியாழக்கிழமை ஏழரை மணிக்குப் பதிமூன்று வாரம் ஓடும் துப்பறியும் நாடகத்தில் கொலைகாரன் யார் என்று அவரவர் ஒரு சீட்டில் எழுதி, தேதி போட்டு, பாட்டிலில் போட வேண்டும். அப்பா, விஜயஸ்ரீ, பக்கத்து வீட்டு மைதீன் பாத்திமா, எப்போதாவது தெருவில் இன்னும் ஒன்றிரண்டு பேர். கடைசி வாரம் நாடகம் முடிந்ததும் பாட்டிலைக் கவிழ்ப்பார். பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். தோற்றால் அன்றைக்குச் சோறு இறங்காது.

கோர்ட்டில் முப்பத்திரண்டு வருஷம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவர். எத்தனையோ கொலைக் கேஸ் கட்டுகளைத் தன் கையால் நூல் போட்டுக் கட்டி, யார் செய்தது என்று தெரியாமலே பீரோவுக்குள் வைத்துப் பூட்டியவர். "இதுலயாவது கடைசியில சொல்லுதான்லா" என்பார். ஆனால் சொல்லுகிற விதத்தில் அவருக்குக் கறாரான நியாயம் உண்டு. கொலைகாரன் முதல் வாரமே நம் கண் முன்னால் காப்பி குடித்திருக்க வேண்டும். கடைசி வாரம் புதுசாக ஒருத்தனை ரயிலில் இருந்து இறக்கிவிட்டால் அது களவாணித்தனம். எல்லாருக்கும் யாரைக் கண்டால் ஆகாதோ அவளையே பிடித்துக் கொலைகாரி என்று காட்டினால், கதை எழுதினவன் சோம்பேறி.

இந்த நாடகத்துக்கு அன்றைக்குத்தான் பதிமூன்றாம் வாரம்.

விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இடது கையை நீவிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். பனியன் நனைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். பைய பேசு என்றார். அவள் ஆட்டோ கூப்பிடக் கிளம்பியபோது குரலை உயர்த்தினார்.

"அங்கன போனா படுக்கப் போட்டுருவான். நாளைக்குக் காலம்பற மொத வேலையாப் போவோம். இன்னைக்குக் கடைசி வாரம்லா."

மகன் சொன்னால் கேட்பார் என்று பாத்திமா வீட்டுப் போனில் சங்கரைக் கூப்பிட்டாள். ஏழு மணிக்கு ஸ்கூட்டரில் வந்தான். அப்பா அவனிடமும் அதையே சொன்னார். சங்கர் சிரித்தான். வாய்வாக இருக்கும் என்று இஞ்சி சோடா வாங்கிக் கொடுத்தான். "சரிப்பா, நாளைக்கே போவோம், நான் லீவு சொல்லிட்டு வாரேன்" என்றான். ஆபீசில் அன்று ஆடிட். ஒன்பது மணிக்குப் போய்விட்டான். மூன்றரை மணிக்கு அவள் காப்பி கொண்டுவந்தபோது அப்பா சாய்வு நாற்காலியில் பேப்பரை மடியில் போட்டபடி போயிருந்தார்.

அன்று சாயங்காலம் தெருவில் ஒரு வீட்டிலும் டிவி போடவில்லை. சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு அந்த மரியாதை பேட்டையில் இன்னும் இருக்கிறது. ஆனால் ஏழரை மணிக்குப் பின்தெருவில் இருந்து அந்த நாடகத்தின் ஆரம்ப இசை நன்றாகக் கேட்டது. விஜயஸ்ரீ அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அந்தக் கால்களைப் பிடித்து உலுக்கி, வந்துட்டு, எந்திரிச்சுப் பாரும் என்று கத்த வேண்டும் போல இருந்தது. செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்று எவன் சொன்னான்? அவளுக்கு அன்று அப்பா மேல் வந்த கோபம் அதற்கு முன்னால் யார் மேலும் வந்ததில்லை, கட்டின புருஷன் மேலும்கூட.

சீவலப்பேரியில் இருந்து அத்தை சொர்ணாம்பாள் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. தெருமுனையிலேயே அவள் குரல் கேட்டது. வாசலில் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, உள்ளே வந்து அண்ணன் நெஞ்சில் விழுந்து, பிறகு உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தாள். பெரிய பாட்டுக்காரி. அவள் எடுத்தால் மற்றப் பெண்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள்.

"ஊரு வழக்கெல்லாம் ஒரு கையால் எழுதினீயே,
உன் வீட்டு வழக்கு ஒன்னைக் கொன்னுதே என் அண்ணே,
தாலியோட போனவ தனியாத் திரும்பி வர
நெஞ்சுல முள்ளு தச்சு நின்னுபோச்சோ என் அண்ணே."

அழுதுகொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒருசேரத் திரும்பி விஜயஸ்ரீயைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் ஒரு நிம்மதி இருந்தது. அவளுக்கு அந்த நிம்மதியைத் தெரியும். பதிமூன்றாம் வாரம் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தில் வருகிற அதே நிம்மதி. அப்பாடா, இவதானா, நான் அப்பவே நெனச்சேன்.

சாத்தான்குளத்தில் இருந்த புருஷனை விட்டு அவள் வந்து ஒன்றரை வருஷம். அப்பாதான் போய் பஸ்ஸில் கூட்டி வந்தார். ஏன் வந்தாள் என்று தெரு கேட்டபோது, "கேசு இன்னும் விசாரணையில இருக்கு" என்று வாயை அடைத்தார். அவரும் கேட்டதில்லை. ஊரில் நடந்த ஒவ்வொரு கொலைக்கும் காரணம் தெரிந்தாக வேண்டிய மனுஷன், மகள் முதுகில் இருந்த தழும்புக்கு யார் காரணம் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. மருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார், அவ்வளவுதான்.

அப்பாவைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்துவிட்டு ஈர வேட்டியோடு சங்கர் அடுக்களைக்குத் துண்டு தேடி வந்தான். அவள் கதவைச் சாத்தினாள். அத்தை பாடினதைக் கேட்டியா என்றாள். கேட்டேன் என்றான். அப்படியென்றால் வெளியே போய், அப்பா ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று ஒரே ஒரு தடவை சொல்லு என்றாள்.

சங்கர் டிவி மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். "அதைப் போயி எப்படிச் சொல்லதுக்கு? நாடகம் பாக்கதுக்காக உயிரை விட்டாருன்னு ஊரே சிரிக்கும்லா. அப்பா மானம் போயிரும்."

"அப்ப என் மானம்?"

"உனக்கு…" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவன் விழுங்கின மிச்ச வார்த்தை அவளுக்கு நன்றாகவே கேட்டது.

தீர்ப்பு வந்துவிட்டால் தண்டனையும் வர வேண்டுமே. சுடுகாட்டில் காடாத்து முடித்து, சாம்பலைக் குறுக்குத்துறை ஆற்றில் கரைத்துவிட்டு வந்த அன்றே அது முடிவாகியிருந்தது. பதினாறு கழிந்ததும் அவளை சாத்தான்குளத்தில் கொண்டு விடுவது, வீட்டை வாடகைக்கு விடுவது. மதியப் பந்தியில் அத்தை இதைத்தான் சங்கரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள் விஜயஸ்ரீ. என் அண்ணனைத்தான் தின்னாச்சு, இனி புருஷனையாவது வாழ வைக்கட்டும் என்று அத்தை முடித்தபோது, அவள் குழம்பு வாளியைத் தரையில் வைத்தாள்.

"அத்தை, நான் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். அவுகதான் வரலை. சாயங்காலம் நாடகம் பாத்துட்டு நாளைக்கு வாரேன்னாங்க. சங்கரும் பக்கத்துலதான் நின்னான்."

 பந்தியில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. அத்தை வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கினாள்.

"செத்தவரு எந்திரிச்சு வந்து இல்லேன்னு சொல்லவா போறாருன்னு நெனப்பு. ஏளா, பழி போட வேற ஆளு கிடைக்கலையா உனக்கு?" என்றாள். பிறகு சங்கர் பக்கம் திரும்பினாள். "ஏலே, நெசமாலே?"

சங்கர் இலையைப் பார்த்தான். "எனக்கு என்ன தெரியும்? நான் வரும்போது அவுக நல்லாத்தான் இருந்தாக."

அவனுக்கு மோர் ஊற்ற வேண்டிய முறை. ஊற்றினாள்.   பாவிப் பயலே, கூடப் பிறந்தவனே என்று மனதுக்குள் வைதாள். அதற்குமேல் சொல்ல அவளுக்கும் வாய் இல்லை. ஏனென்றால் அந்தக் காலையில் அவளும் ஓரளவுக்கு மேல் வற்புறுத்தவில்லை. நாளைக்குப் போவோம் என்று அப்பா சொன்னபோது ஒரு ஓரத்தில் அவளுக்கும் சந்தோஷமாக இருந்தது. அன்று சாயங்காலம் யார் என்று அவளுக்கும் தெரிய வேண்டியிருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஏழாம் நாள் பிற்பகல் மைதீன் பாத்திமா அடுக்களை வழியாக வந்தாள். தினமும் வருகிறவள்தான். அன்று மேலப்பாளையத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். சொல்லவா வேண்டாமா என்று யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

"எந்தங்கச்சி கடைசி வாரம் பாத்திருக்கா. கேக்கியா?"

விஜயஸ்ரீ தலையை ஆட்டினாள்.

"கம்பவுண்டராம்."

நாடகத்தில் கொலையாகிற எஸ்டேட் முதலாளிக்கு முதல் வாரம் ஊசி போட்டுவிட்டு, சமையல்காரி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போன கம்பவுண்டர். பிறகு பதினோரு வாரம் அவன் இரண்டே இரண்டு தடவைதான் தலைகாட்டினான். விஜயஸ்ரீ முதலாளியின் மச்சினன் என்று எழுதியிருந்தாள். பாத்திமா இரண்டாம் தாரம் என்று எழுதியிருந்தாள்.

விஜயஸ்ரீ அரிசி டின்னுக்குள் கையை விட்டு பாட்டிலை எடுத்தாள். மூடியில் அரிசி ஒட்டியிருந்தது. அப்பாவின் சீட்டை மடிப்பிலேயே அடையாளம் தெரியும். கோர்ட்டு சம்மனை மடிப்பது போல மூன்றாக மடித்து விளிம்பை உள்ளே சொருகியிருப்பார். பிரித்தாள். பெஞ்ச் கிளார்க்கின் சாய்வில்லாத எழுத்து. கம்பவுண்டர். கீழே தேதி. முதல் வாரத்து வியாழக்கிழமைத் தேதி.

அவள் அந்தத் தேதியை இரண்டு தடவை பார்த்தாள்.

"தெரிஞ்சிருக்கு பாத்திமாக்கா. மொத வாரமே தெரிஞ்சிருக்கு. பொறவு எதுக்கு இருந்தாக?"

பாத்திமா சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "தெரிஞ்சிக்கிடவா இருந்தாக? நாம தோத்ததைப் பாக்கதுக்குல்லா."

விஜயஸ்ரீ அழுதாள். ஏழு நாளில் அதுதான் முதல் அழுகை. அதில் துக்கம் பாதி, மீதி ஆத்திரம். வீம்புக்காரக் கிழவா, வீம்புக்காரக் கிழவா என்று சொல்லிக்கொண்டே கை முட்டியால் டிவியின் மரக்கதவில் இடித்தாள். அது உள்ளே அதிர்ந்தது. பாத்திமா அவளை விலக்கவில்லை. இடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

முகம் கழுவிக்கொண்டு வந்தபோது ஹாலில் சங்கரின் குரல் கேட்டது. சாத்தான்குளத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பேச வருகிறார்களாம். அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தான். தெற்குச் சுவரில் அப்பா தலை இருந்த இடத்தில் பாய் விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் அத்தை.

"அக்கா, ஒரு கை பிடிங்க" என்றாள் விஜயஸ்ரீ.

இரண்டு பெண்கள் அந்த டிவியைத் தூக்கிக்கொண்டு அடுக்களை நிலையைத் தாண்டுவது லேசான காரியம் இல்லை. பாத்திமாவுக்கு மூச்சு வாங்கியது. ஹால் நடுவில் ஒரு தடவை இறக்கி வைத்து, மறுபடி தூக்கினார்கள். சங்கர் பார்த்துக்கொண்டே நின்றான். ஒரு கை கொடுக்க அவனுக்குத் தோன்றவில்லை, அல்லது தைரியம் வரவில்லை.

"பதினாறு கழியாம டிவியா?" என்றாள் அத்தை.

"போடலை அத்தை. இருந்த இடத்துல வைக்கத்தான் செய்யுதேன்." பிறகு அண்ணனைப் பார்க்காமலே சொன்னாள். "ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. நானும் இங்கனதான் இருப்பேன். அவுக கேக்கட்டும், நான் சொல்லுதேன். முதுகையும் காட்டுதேன்."

 டிவி இன்னும் அவர்கள் கையில்தான் இருந்தது. விஜயஸ்ரீக்குத் தோள் இற்றுப்போகிற மாதிரி வலித்தது. அவள் நகரச் சொல்லவில்லை, கீழே வைக்கவும் இல்லை. பாயின் விளிம்பில் நின்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை காலை மடக்கிக்கொண்டாள்.