தலைமேல் வைத்த கை

பவுனுதான் கேட்டாள். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் அவள் பட்ட பாடெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

வடக்கே, மராத்தி பேசுகிற கசார்வாடியில் ரயில் பாதையை ஒட்டித் தமிழ் ஜனங்கள் கட்டிய சின்ன மாரியம்மன் கோயில். ஆடிக் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை, கூட்டமெல்லாம் சொம்பும் தூக்குமாகக் கலைந்த பிறகு, புருஷன் ஜம்புவைச் சன்னிதிக்கு முன்னால் நிறுத்தினாள். ஜம்பு லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். நல்ல வேலைக்காரன், நல்ல குடிகாரன். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணியிருக்கிறான், மாலை போட்டுச் சத்தியம் பண்ணியிருக்கிறான், செத்துப்போன தன் அம்மா மேல்கூடப் பண்ணியிருக்கிறான். எல்லாம் அடுத்த சம்பளம் வரைக்கும்தான். அன்றைக்கும் கற்பூரத் தட்டுக்குத்தான் கையை நீட்டினான். பவுனு அந்தக் கையைப் பிடித்து இழுத்து மகள் பாமாவின் பக்கம் கொண்டுபோனாள்.

“சாமிய ஏமாத்தினது போதும் மாமா. புள்ள தலையில அடிச்சு சொல்லு.”

“வேணாம் பவுனு.” அவன் முகம் வெளிறிவிட்டது. “என்னப் பத்தி ஒனக்குத் தெரியுமில்ல? புள்ள தலையில மட்டும் வேணாம்.”

“அப்ப குடிக்கறதுன்னு இப்பவே முடிவு பண்ணிட்டியா?”

அவன் அழுதுகொண்டேதான் வைத்தான். நாலாவது படிக்கிற பாமா, உச்சியில் அப்பாவின் கை வந்து உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். ஆசீர்வாதம் என்று நினைத்தாளோ என்னவோ.

அப்புறம் வந்த நல்ல நாட்களைப் பவுனு இப்போதும் எண்ணிப் பார்ப்பாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தான் மனுஷன். ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரி பண்ணினான். கணபதி பார்க்க மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், திரும்பும்போது சூடு ஆறாமல் வடாபாவ் வாங்கி வந்தான். பக்கத்து அறைப் பெரியம்மா மங்கல் மாவ்ஷி, “நவரா சுதர்லா கீ துஜா!” என்று, புருஷன் திருந்திய சந்தோஷத்தில் பவுனுவின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

தசரா வந்தது. பட்டறையில் மெஷினுக்கெல்லாம் பூஜை. ராத்திரி கதவைத் திறந்தால், கழுத்தில் செண்டுமல்லி மாலையோடு ஜம்பு நிற்கிறான். முதலில் பூ வாசம் வந்தது. அதன் பின்னாலேயே அந்த இன்னொரு வாசம்.

பவுனு வாயைத் திறந்தாள். முன்பென்றால் வரிசை வீடு முழுக்க எழுந்து உட்காருகிற மாதிரி கத்தியிருப்பாள். அன்றைக்கு வாய் தானாக மூடிக்கொண்டது. அவள் சொல்லிவிட்டால் அது நடந்ததாகிவிடும். சத்தியம் உடைந்ததாகிவிடும். உள்ளே பாயில் தூங்குகிறதே, அந்தத் தலைக்கு என்ன ஆகும்?

“நான் குடிக்கல பவுனு,” என்றான், சுவரைப் பிடித்துக்கொண்டு.

“நான் ஒண்ணும் கேக்கலியே. கை கால் கழுவிட்டு வா, சோறு போடறேன்.”

அன்றிலிருந்து அவள் கேட்கவேயில்லை. அவன் குடித்துவிட்டு வருவதும், இவள் சோறு போடுவதும் வழக்கமாகிப்போயிற்று. ஒருநாள் மங்கல் மாவ்ஷி மெதுவாக, “ஜம்பு ஃபிர் பீகே ஆயா க்யா?” என்று கேட்டுவிட்டாள். மறுபடி குடிக்கிறானா என்று அக்கறையாகத்தான் கேட்டாள். பவுனு பாய்ந்துவிட்டாள். “ஷுகர் ஹை உன்கோ! சக்கர் ஆத்தா ஹை!” சர்க்கரை வியாதியாம், தலைசுற்றலாம். மாவ்ஷி அதற்கப்புறம் இந்தப் பக்கம் வருவதில்லை.

பவுனுவைத் திட்டிவிடாதீர்கள். நாம் பேசாமல் இருந்தால் அம்மனுக்குத் தெரியாமல் போய்விடுமா என்று அவளும் கேட்டுப் பார்த்தவள்தான். ஆனால் பெற்றவளாயிற்றே, சின்னச் சந்து கிடைத்தாலும் பிள்ளையோடு போய் ஒளிந்துகொள்ளத்தான் பார்ப்பாள்.

கார்த்திகையில் பாமாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஊரெல்லாம் இந்தக் காய்ச்சல்தான், தானாகப் போய்விடும் என்றார் டாக்டர். பவுனுவின் காதில் அது ஏறவில்லை. பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினாள். பூசாரி கோவிந்தராஜனிடம்தான் முதன்முதலாகக் ‘குடிக்கிறான்’ என்ற அந்த வார்த்தையைச் சொன்னாள், அதுவும் அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

“சத்தியத்த எறக்கலாம்மா,” என்றார் அவர். “மறைச்சு வெச்சுக்கிட்டு எறக்க முடியாது. அவன் இங்க வந்து நிக்கணும். ‘குடிச்சேன், தப்பு என்னுது, புள்ளைய உட்ரு தாயே’ன்னு வாயத் தொறந்து சொல்லணும்.”

“நான் சொன்னா ஆவாதா சாமி? கேட்டு வாங்கினவ நான்தானே?”

அவர் திருநீறு மடித்துக் கொடுத்தார்.

காய்ச்சல் இறங்கியது. பவுனுவுக்கு நிம்மதி இல்லை. வாசல்வரை வந்தது திரும்பிப் போயிருக்கிறது, வழி தெரிந்துகொண்டு போயிருக்கிறது என்றே பட்டது. பிள்ளை மறுபடி பள்ளிக்கூடம் கிளம்பிய அன்று காலையில், ஜம்பு டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அவன் காலடியில் போய் உட்கார்ந்தாள்.

“மாமா, சண்ட போடல, ஒண்ணும் பண்ணல. கோயிலுக்கு வந்து குடிச்சேன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிடு. புள்ள தப்பிச்சிரும்.”

ஜம்புவின் கண்ணில் வந்தது கோபமில்லை, பயம். “என்ன பேச்சு பேசற? நானே என் வாயால சொன்னா அவளுக்கு என்னா ஆவும்? நான் குடிக்கல பவுனு. குடிக்கவே இல்ல.”

“எனக்குத் தெரியும் மாமா.”

“ஒனக்கு ஒண்ணும் தெரியாது! வேணும்னா மறுபடியும்—” டம்ளரை வைத்துவிட்டுக் கையை நீட்டினான். மகள் தலையைத் தேடித்தான் நீட்டினான்.

சீருடையோடு நின்றிருந்த பாமா தானே வந்து அந்தக் கைக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டாள்.

“பப்பா குடிக்கல அம்மா,” என்றாள். “நான் டெய்லி மோந்து பாக்கறேன்.”

“என்னது?”

பாமா பாவாடைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். சோம்பு. சாயங்காலம் தெருமுனையில் விளையாடுகிறாள் என்றுதானே பவுனு நினைத்திருந்தாள்? பிள்ளை அங்கே அப்பாவுக்காகக் காத்து நின்றிருக்கிறாள்.

“ஸ்மெல் வந்துச்சுன்னா பப்பாக்கு சோம்பு குடுப்பேன். அப்பவும் வந்துச்சுன்னா இன்னும் குடுப்பேன். அப்புறம் வராது.” அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். “வரலன்னா குடிக்கல தானே? எனக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?”

ஜம்பு கையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். அவன் தோள் குலுங்கியது. குலுங்கியதே தவிர, அந்த வார்த்தை வரவில்லை. இனி வராது என்று பவுனுவுக்குத் தெரிந்துபோயிற்று. பிள்ளைமேல் உயிரை வைத்திருக்கிறவன், அதனால்தான் வராது.

“அம்மா, லேட் ஆவுது. ஜட பின்னு.”

பாமா சீப்பைக் கொடுத்துவிட்டு, எப்போதும்போல அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். தலையை ஒரு கையால் பிடித்துக்கொள்ளாமல் ஜடை பின்ன முடியாது. பவுனு கையைத் தூக்கினாள். அது மகளின் உச்சிக்கு மேலேயே நின்றது. கீழே இறங்கவில்லை.