டிவிசோரியாக்காரரைத் தொலைக்கப் போனது

நாட்டோவைப் புதைத்துவிட்டுக் கிளம்பிய வேனில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேர் என்பது சியோனிங் அத்தையின் கணக்கு.

சாவுக்குப் போனவர்கள் நேரே வீடு திரும்பக் கூடாது. வழியில் எங்காவது இறங்கி, நாலு பேர் புழங்கும் இடத்தில் கொஞ்ச நேரம் சுற்றி, துணியில் ஒட்டிய தூசியை உதறுகிற மாதிரி, கூடவே ஒட்டி வந்தவரை உதறிவிட்டுப் போக வேண்டும். அதற்குப் பெயரே 'பக்பக்', உதறல். மணிலாவில் வங்கி மேலாளர்கூடத் துக்கம் விசாரித்துவிட்டு ஒரு காப்பிக் கடையில் ஏறி இறங்காமல் வீட்டு வாசலை மிதிக்க மாட்டார். கேட்டால் தனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்பார். காப்பி குடிக்கத் தோன்றியதாம், அவ்வளவுதானாம்.

மரிவிக் மட்டும் அன்று நேரே வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

"பிள்ளைங்க அசந்து போயிருக்குங்க, ரோமெல். எங்கயும் நிறுத்தாம ஓட்டு."

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் கியரை மாற்றினான். செத்தது மாமனார். பின்னால் உட்கார்ந்திருந்தது மாமனாரின் தங்கை. நடுவில் மனைவி. இந்த மாதிரி நேரத்தில் கியரை மாற்றுவது ஒன்றே ஆண்பிள்ளைக்கு அழகு என்று அவனுக்குத் தெரியும்.

"நிறுத்தாமலா?" என்றாள் அத்தை. ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்து வந்த குரல் அது. "சவப்பெட்டிக்கு மேல பிள்ளைங்களைத் தூக்கிக் கைமாத்தி விட்டோமே, அப்ப இந்த டோட்டோ எங்க இருந்தான்? அவனை நான் பாக்கவே இல்லையே."

"தூங்கிட்டிருந்தான், அத்தை."

"நான் தூங்கல," என்றான் டோட்டோ. நாலு வயது. "அம்மாதான் வேன்லயே உக்காரு, வெளிய வராதன்னுச்சு."

ரோமெல் கண்ணாடி வழியாக மனைவியை ஒரு தரம் பார்த்தான். மறுபடி கியரை மாற்றினான், தேவையே இல்லாமல்.

பெட்டிக்கு மேலே தூக்கிக் கைமாற்றிய பிள்ளையைச் செத்தவர் தேடி வர மாட்டார். அதற்காகத்தான் அந்தச் சடங்கு. மரிவிக்கும் அதற்காகத்தான் ஒளித்து வைத்தாள். மகள் பெங்பெங்கை அத்தை பிடித்துக்கொண்டாள், தடுக்க முடியவில்லை. டோட்டோவையாவது அப்பா வந்து பார்க்கட்டும், பார்க்க வருகிறவர் தன் கண்ணிலும் பட்டுவிட்டுப் போகட்டும் என்று ஒரு நப்பாசை.

"காலைல என்னடா சொன்ன? இப்ப சொல்லு, உங்கம்மா கேக்கட்டும்," என்றாள் அத்தை.

"தாத்தா என் கால்மாட்டுல உக்காந்திருந்தாரு. வாடா ஒரு சுத்து போயிட்டு வரலாம்னாரு."

அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கனவு, அத்தை," என்றாள் மரிவிக்.

"இருக்கட்டும். பாக்க வர்றவன் சும்மா பாத்துட்டுப் போயிடுவான்னு நினைச்சியா? உங்கப்பன் எந்தக் கடைக்குப் போயி வெறுங்கையோட திரும்பியிருக்கான்?"

டிவிசோரியா சந்தையில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்துக் கிழவரான மனிதர் அவர். செருப்பு வாங்கப் போனால் செருப்போடு ஒரு ஜோடி வாரும், கடைக்காரன் மதியச் சாப்பாட்டில் பாதியும் வாங்கிக்கொண்டு வருவார்.

"பெட்ரோல் பங்க் பக்கத்துல ஒரு கடை இருக்கு. அங்க நிறுத்தவா?" என்றான் ரோமெல்.

"கிறிஸ்மஸ் கூட்டத்துல பிக்பாக்கெட்காரனை மோப்பம் பிடிச்சே கண்டுபிடிச்ச ஆளு எங்கண்ணன். அவனைப் பெட்ரோல் பங்க்ல தொலைக்கப் போறியாக்கும். நல்ல கூட்டமா, தலை சுத்துற மாதிரி இடமா வேணும்."

அப்போதுதான் பெங்பெங் ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு, "ராட்டினம்," என்றாள். நெடுஞ்சாலைக்கு வலப்புறம், தென்னை மரங்களுக்கு மேலே, ராட்சத ராட்டினம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அதான் சரி," என்றாள் அத்தை.

"இந்தக் கறுப்புத் துணியோடயா? பாக்கறவங்க என்ன சொல்வாங்க?" என்றான் ரோமெல்.

"பேச வேண்டியவங்க எல்லாம் கல்லறைத் தோட்டத்துல சாப்பாடு இல்லையான்னு எட்டிப் பாத்துட்டு நிக்கறாங்க. திருப்பு வண்டிய."

மரிவிக் "சரி" என்றாள். கொஞ்சம் அவசரமாகவே சொன்னாள். சொன்ன விலைக்கு உடனே தலையாட்டுகிறவரைச் சந்தேகப்பட வேண்டும் என்பது டிவிசோரியாவில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். வேதபாடம் சொன்ன அத்தைக்குத் தெரியவில்லை. சொந்த ஊரிலேயே இருந்துவிட்டவளுக்கு இன்னொன்றும் தெரியாது. இந்தப் பூங்காவின் சந்து பொந்தெல்லாம் நாட்டோவுக்கு அத்துபடி. வருஷத்தில் ஒரே நாள், புத்தாண்டுக்கு மறுநாள், கடைக்கு இரும்புக் கதவை இழுத்து விட்டு மகளைக் கூட்டிக்கொண்டு அவர் வந்த இடமே இதுதான். இங்கே கொண்டுவந்து அவரைத் தொலைப்பது, மீனைக் கடலில் விட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டது என்று நிம்மதிப்படுகிற மாதிரி.

டிக்கெட் கூண்டில் இருந்த பெண் ஐந்து பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். தலை முதல் கால்வரை கறுப்பு. அத்தையின் தலையில் கறுப்புச் சல்லா வேறு.

"பேய் வீட்டு ஆளுங்களா? வேலைக்கு வர்றவங்க வழி பின்பக்கம், அக்கா."

பெங்பெங்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆமா, நாங்க பேய்தான்," என்றாள். அத்தை சல்லாவை ஒதுக்கிக்கொண்டு கூண்டுக்குள் முகத்தை நீட்டினாள். "இந்த வயசுலயும் என்னை வேலைக்கு எடுத்துக்குவீங்களா, பொண்ணே? சம்பளம் எவ்வளவு?" அந்தப் பெண் சிரித்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தாள்.

உள்ளே நுழைந்ததும் அத்தை செய்த முதல் வேலை பிள்ளைகளின் பைகளை உதறியது. டோட்டோவின் கால்சட்டையிலிருந்து சாவு வீட்டு மிட்டாய் நாலைந்து விழுந்தன. துக்க வீட்டுப் பண்டத்தை வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. குப்பைத் தொட்டியில் அவற்றைப் போட்டதும் டோட்டோ அழுதான். பஞ்சு மிட்டாய் வாங்கித் தந்ததும் அழுகை நின்றது.

பிறகு அத்தை தளபதி மாதிரி முன்னே நடந்தாள். சுழலுகிற ராட்டினம் எதுவோ அதில்தான் ஏற்றினாள். ஆள் உட்காரும் பெரிய சுழல் கோப்பையில் ஏறி, இறங்கும்போது எதிர்ப்பக்க வாசல் வழியாக வரச் சொன்னாள். பொரித்த மீன் உருண்டை விற்கும் வண்டிகளுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போனாள். ரோமெல் வாந்தி வருகிற முகத்தோடு பின்னால் போனான்.

மரிவிக் கடைசியாகப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி ஒரு நிமிஷம் நின்றாள். வயதானவர், எட்டிப் பிடிக்கட்டும். கோப்பையில் தன் பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"அங்க யாரும்மா?" என்றாள் பெங்பெங்.

"பைக்கு இடம் வேணாமா?"

"பையத்தான் மடில வச்சிருக்கியே."

கடையில் அப்பாவிடம் மரிவிக் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. காலையிலிருந்து இரவுவரை கூவிக் கூவி அவர் தொண்டை வீட்டுக்கு வரும்போது தேய்ந்து போயிருக்கும். சோற்றைப் பிசைந்தபடியே தூங்கிவிடுவார். அந்த ஒரு நாள் மட்டும் குரல் இருக்கும். கூவ வேண்டியதில்லை என்பதால் அன்று மெதுவாகவே பேசுவார், அப்படி மெதுவாகப் பேசும்போது அவர் வேறு யாரோ மாதிரி இருப்பார். பையில் கடைச் சீப்புகள் ஒரு கட்டு கொண்டு வருவார். குதிரை ராட்டினம் நிற்கப் போகிற நேரத்தில் ஓட்டுகிறவர் பக்கம் சாய்ந்து, "தலைமுடி நல்லா இருக்கு உங்களுக்கு. சீவிக்க ஒண்ணு வச்சுக்குங்க," என்பார். ராட்டினம் இன்னொரு சுற்று போகும். மகள் இறங்காமல் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அப்பா கீழே நின்று தனக்காகப் பேரம் பேசுவதை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை பார்ப்பாள். வருஷம் முழுக்க அவரைப் பார்க்காததை அந்தச் சுற்றுகளில் பார்த்துத் தீர்ப்பாள்.

அந்தக் குதிரை ராட்டினம் இன்னும் அதே இடத்தில் இருந்தது. பெயின்ட்தான் புதிது.

டோட்டோவை ஒரு வெள்ளைக் குதிரையில் ஏற்றிவிட்டு மரிவிக் பின்குதிரையில் உட்கார்ந்தாள். டோட்டோவுக்குப் பக்கத்துக் குதிரையில் ஏற வந்த ஒரு பையனிடம், "ஆளு வருது, தம்பி," என்று சொல்லி வேறு பக்கம் அனுப்பினாள். இசை கிளம்பியது. இரண்டாவது சுற்றில் டோட்டோ அந்தக் காலிக் குதிரையின் பக்கம் திரும்பி ஏதோ பேச ஆரம்பித்தான். மூன்றாவது சுற்றில் இரண்டு கையையும் விட்டுவிட்டு அந்தப் பக்கம் நீட்டினான். உடம்பு சேணத்திலிருந்து வழுக்கியது. மரிவிக் எப்படி இறங்கினாள், எப்படித் தாவினாள் என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையின் ஒரு கணுக்கால் அவள் கையில் இருந்தது. தலை தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கியது.

ராட்டினத்தை நிறுத்தினார்கள். டோட்டோ அழவில்லை, கோபப்பட்டான்.

"ஏன்மா பிடிச்ச? தாத்தா கைய குடுன்னாரு. நாம ரெண்டு பேர் மட்டும் போலாம், அம்மா வேணாம்னாரு."

மரிவிக் அவனை இறுக்கிக்கொண்டு கீழே வந்தாள். அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று பார்த்தால் திட்டவில்லை.

"உங்கப்பனுக்கு இந்த இடம் தெரியுமா?"

"வருஷா வருஷம் என்னைக் கூட்டிட்டு வருவாரு, அத்தை."

"அடிப்பாவி." அத்தை சல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். திடீரென்று ரொம்ப வயதானவளாகத் தெரிந்தாள். "அப்ப அவன் தொலைய மாட்டான். நீதான் பேசி அனுப்பணும்."

"நீங்க சொல்லுங்க. கூடப் பொறந்தவங்க."

"என் பேச்சை அவன் என்னைக்குக் கேட்டான்? நாலு பேரும் வேனுக்குப் போறோம். நீ முடிச்சுட்டு வா. திரும்பிப் பாக்காம வா."

அவர்கள் போனார்கள். மரிவிக் மறுபடி டிக்கெட்டை நீட்டினாள். ராட்டினம் ஓட்டுகிறவர் நரைத்த மீசைக்காரர். "பிள்ளை எங்க? யாருக்கு இது?" என்றார்.

"ஒருத்தர் வந்திருக்காரு."

அவர் அவள் கறுப்புத் துணியைப் பார்த்தார். அவரும் இந்த நாட்டுக்காரர்தானே. தொப்பியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விசையை இழுத்தார். வேறு பிள்ளைகள் ஏறியிருந்த குதிரைகளுக்கு நடுவே அந்த ஒன்று காலியாகப் போயிற்று, ஏறி இறங்கி, ஏறி இறங்கி.

அது எதிரே வரும்போதெல்லாம் மரிவிக் பேசினாள். அப்பா பேசுகிற மாதிரியே மெதுவாகப் பேசினாள்.

"டோட்டோ விலைக்கு இல்லப்பா."

ஒரு சுற்று.

"எனக்கு உங்களைப் பாக்கணும்தான். அதுக்காக அவனைத் தர முடியாது. நான் கடையைத் திறந்து வச்சது என் தப்பு. இப்ப மூடிட்டேன்."

இன்னொரு சுற்று.

"வருஷத்துல ஒரு நாள் ரெண்டையும் கூட்டிட்டு இங்க வர்றேன். தூர நின்னு பாத்துக்குங்க. தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, வீட்டுக்கு வரக் கூடாது. இதுக்கு மேல என்னால ஏத்த முடியாது."

வாங்க வந்தவர் விலையைச் சொல்லிவிட்டால் நிற்கக் கூடாது, முதுகைக் காட்டிவிட்டு நடக்க வேண்டும். இழுக்கிற இழுப்பெல்லாம் அந்த நடையில்தான். கடைக்காரர் கூப்பிட்டால் அந்த விலை கட்டிவிட்டது, கூப்பிடாவிட்டால் கட்டவில்லை. இதை அவளுக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். அதே மனிதர் கடைக்குள் உட்கார்ந்திருந்த காலமெல்லாம், நடக்கிற எவரையும் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. தெருமுனைவரை விட்டுப் பிடிப்பார். அவர்களாகத்தான் திரும்பி வருவார்கள்.

மரிவிக் நடந்தாள். காது மட்டும் பின்னாலேயே நின்றது. பஞ்சு மிட்டாய்க்காரனைத் தாண்டினாள், சுழல் கோப்பையைத் தாண்டினாள். ரோலர் கோஸ்டரில் யாரோ கத்தினார்கள், அவள் பேர் இல்லை. வாசலுக்குப் பக்கத்தில் கால் தானாகவே சுணங்கியது. ஒரு தரம், ஒரே ஒரு தரம் திரும்பினால் என்ன என்று கழுத்து கேட்டது. திரும்புகிறவர்தான் விலையை ஏற்றிக் கொடுக்கிறவர். இதற்கு மேல் ஏற்ற டோட்டோவை விட்டால் வேறு என்ன இருக்கிறது? அவள் வேகமாகவே வெளியே வந்தாள்.

வேனில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"ஓட்டு."

"தாத்தா வரலையா?" என்றான் டோட்டோ.

"இங்கயே இருக்கட்டும்."

"தனியாவா?"

அத்தைதான் பதில் சொன்னாள். "கூட்டம் இருந்தாத்தாண்டா அவனுக்கு உயிரே. ஊர்ல ரெண்டு நாள் இருந்தா மூணாம் நாளு கிளம்பிடுவான். ஈ ஓட்டற ஊருன்னுவான்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சல்லாவால் மூக்கைச் சிந்தினாள்.

இந்தத் தடவை முன்சீட்டில் உட்கார்ந்த மரிவிக் நேரே பார்த்தாள். கண் தன்னால் மேலே போயிற்று. பின்புறம் காட்டுகிற கண்ணாடியில் வேனின் கூரைதான் தெரிந்தது. ரோமெல் அதை முன்னமே மேல்நோக்கித் திருப்பிவிட்டிருந்தான். இரண்டு பக்கத்துக் கண்ணாடிகளும் மடங்கி இருந்தன.

"இப்படியா நெடுஞ்சாலைல ஏறப் போற?" என்றாள்.

"கொஞ்ச தூரம்."

ஏறினான். பின்னால் வந்த பேருந்துக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்து, ஏதோ திட்டினான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.